அரை வினாடி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் இன்னும் ஓராண்டுக்குப் பெற்றுக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்தது, அதோடு சரி. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் கணினிகள் நம் வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் இன்னும் ஐந்தாறு வருடம் தாராளமாக உழைக்கும். அப்படிப்பட்ட எந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராதவர்கள் ஒருவர் பின் ஒருவராக லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். திரும்பியதும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: எந்த லினக்ஸ்?

உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே என்று டிஸ்ட்ரோக்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. இன்று உயிரோடு இருப்பவையே நூற்றுக்கணக்கில் தேறும். முதல்முறை வருகிறவருக்கு இது திகைப்பாக இருக்கிறது. நியாயமான திகைப்புதான். கடைக்காரர் எதைப் போட்டுக் கொடுத்தாரோ அதையே இத்தனை காலம் பயன்படுத்தியவரிடம் திடீரென்று ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் எதை வைத்து எடுப்பார்? திரைக்காட்சிகளைப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தாலோ அதே லினக்ஸ் கெர்னல், அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆஃபிஸ், அதே விஎல்சி. திரையின் தோற்றத்தைக்கூட வேறுபாடாகச் சொல்ல முடியாது. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று எந்தத் தோற்றத்தையும் அநேகமாக எந்த டிஸ்ட்ரோவிலும் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் இத்தனை பெயர்கள் எதற்கு?

விடை தொடக்கத்திலேயே இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் உலகுக்குச் சொன்னார். அவர் தந்தது கெர்னல் மட்டும்தான். கணினியின் நினைவகத்தையும் வட்டையும் விசைப்பலகையையும் அது ஆளும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதன் மேல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ திட்டம் உருவாக்கிய கருவிகளை ஏற்ற வேண்டும், நூற்றுக்கணக்கான வேறு நிரல்களை ஒன்றோடொன்று முரண்படாமல் பொருத்த வேண்டும். இந்த வேலையைச் செய்து ஒரு கட்டாகக் கொடுத்தவற்றில் எஸ்எல்எஸ் என்ற டிஸ்ட்ரோ அன்று பரவலாக இருந்தது. பிழைகளும் அதில் மலிந்திருந்தன. அந்தப் பிழைகளைப் பொறுக்க முடியாமல்தான் 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதமே பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இவர்கள் இருவரும் புதிதாக ஓர் இயங்குதளத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே இருந்ததைப் பராமரிக்க முன்வந்தார்கள். எதைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது, எப்போது ‘தயார்’ என்று சொல்வது, சொன்ன பிறகு எத்தனை காலம் அதைக் கவனித்துக்கொள்வது என்ற பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். டிஸ்ட்ரோ என்றால் அந்தப் பொறுப்புதான். ஒரு டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும்போது நிரல்களைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில், எனக்காக யார் தீர்மானிக்கட்டும் என்று முடிவு செய்கிறோம்.

அந்தத் தீர்மானங்களில் பெரியது காலம் பற்றியது. புதுநெல்லைக் குத்திப் பொங்கினால் சோறு குழையும். அதே நெல் ஓராண்டு பத்தாயத்தில் கிடந்தால் சோறு உதிரியாக வரும். தைப்பொங்கலுக்குப் புத்தரிசி வேண்டும். அன்றாடச் சாப்பாட்டுக்குப் பழைய அரிசியைத்தான் கேட்டு வாங்குவோம். மென்பொருளும் இப்படித்தான் கிடந்து பதமாகிறது. டெபியனில் ஒரு நிரலின் புதிய பதிப்பு முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளைக்குள் வரும். டெபியன் தன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படங்களின் பாத்திரப் பெயர்களைச் சூட்டும் வழக்கமுடையது; இந்தக் கிளைக்கு வைத்த பெயர் சிட், பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர். அங்கே சில நாட்கள் கிடந்து பெரிய பழுது எதுவும் தெரியவில்லை என்றால் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து, புதிய பதிப்புகளை நிறுத்தி, பழுதுகளை மட்டும் மாதக்கணக்கில் நீக்கி, பிறகு ‘ஸ்டேபிள்’ என்று வெளியிடுவார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 அப்படி வந்ததுதான். அதற்குப் பின் அந்த நிரல்களின் பதிப்பு அநேகமாக மாறாது. ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பார்கள், அவ்வளவே.

உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெபியனின் அன்ஸ்டேபிளிலிருந்து அள்ளிக்கொண்டு தன் பாணியில் சீர்செய்து வெளியிடுகிறது. இரண்டாண்டுக்கு ஒன்றை நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று அறிவித்து ஐந்தாண்டு பார்த்துக்கொள்கிறது. மின்ட் அந்த நீண்டகாலப் பதிப்பின் மேல் தன் வீட்டைக் கட்டுகிறது. ஃபெடோராவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் பதின்மூன்று மாதம்தான். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது. எழுதியவர் வெளியிட்ட சில நாட்களில் உங்கள் மேசைக்கு வந்துவிடும். நிரல் அதேதான். அது எத்தனை பேர் கையைத் தாண்டி, எத்தனை நாள் காத்திருந்து உங்களிடம் வருகிறது என்பதில்தான் இத்தனை பெயர்களும் பிரிகின்றன.

காலத்துக்கு அடுத்தது மனச்சாட்சி. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வைஃபை வேலை செய்யாத அன்றுதான் அது நம் கதவைத் தட்டும். வைஃபை சில்லு இயங்க அதற்குள் ஒரு சிறு நிரலை ஏற்ற வேண்டும், ஃபர்ம்வேர் என்பார்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதன் மூலநிரலைத் தருவதில்லை. டெபியனோ 1997-இல் வெளியிட்ட தன் சமூக ஒப்பந்தத்தில், டெபியன் முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஆகவே அப்போதெல்லாம் அதிகாரபூர்வமான நிறுவல் கோப்பில் மூடிய ஃபர்ம்வேர் இருக்காது. மடிக்கணினியில் டெபியனை நிறுவ உட்கார்ந்தவர்களுக்கு வைஃபை கிடைக்காது. வைஃபை கிடைத்தால்தான் அந்த ஃபர்ம்வேரை இறக்க முடியும். எத்தனையோ பேர் இந்த இடத்திலேயே பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு உபுண்டுவுக்குப் போனார்கள்.

2022-இல் இதை டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வாக்குரிமை. உலகெங்கும் சிதறிக்கிடப்பவர்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். வாக்குச்சீட்டில் பல தீர்மானங்கள் இருந்தன; ஒவ்வொருவரும் அவற்றைத் தம் விருப்ப வரிசைப்படி அடுக்க வேண்டும். சமூக ஒப்பந்தத்தையே திருத்துவதென்றால் எதிர்ப்பைப் போல மும்மடங்கு ஆதரவு தேவை. திருத்தும் தீர்மானம் அந்த அளவையும் தாண்டி வென்றது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் கோப்புடனேயே வருகிறது. கால் நூற்றாண்டு அவர்கள் தம் வாக்கைப் பிடிவாதமாகக் காத்ததையும், பிறகு ஊர் கூடிப் பேசி அந்த வாக்கையே வெளிப்படையாகத் திருத்தியதையும் நான் மதிக்கிறேன். என் கணினியில் வைஃபை வேலை செய்வதற்குப் பின்னால் ஒரு தேர்தல் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கையில் அந்தச் சிறு சின்னம் வேறு மாதிரி தெரிகிறது.

ஃபெடோராவில் இதே கதை வேறு வடிவில் வரும். அதன் பின்னணியில் இருக்கும் ரெட் ஹேட் அமெரிக்க நிறுவனம்; அங்கே மென்பொருள் காப்புரிமைக்குச் சட்ட பலம் உண்டு. அதனால் சில வீடியோ வடிவங்களுக்குரிய நிரல்கள் ஃபெடோராவின் களஞ்சியத்தில் முழுமையாக இருக்காது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகே எல்லாம் ஓடும். ஃபெடோராக்காரர்களின் சோம்பல் இதில் ஏதுமில்லை. அவர்கள் நிற்கும் மண்ணின் சட்டம் அப்படி. புதியதைத் துணிந்து முதலில் ஏற்பவர்களும் அவர்கள்தான். திரையை வரையும் வேலையை வேலண்டுக்கு மாற்றியதும், ஒலிக்குப் பைப்வயரைக் கொண்டுவந்ததும் ஃபெடோரா. அங்கே கரடுமுரடு தேய்ந்த பிறகு மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருவரின் தீர்மானத்தை நம்பி நிற்கிறோம் என்றால், அவர் வழிமாறிப் போனால் என்ன செய்வது? இந்த அச்சம்தான் பலரைத் தேர்வில் முடக்கிப்போடுகிறது. எனக்கு அந்த அச்சம் இல்லை. ஃப்ரான்சில் பிறந்த மாண்ட்ரேக் ஒரு காலத்தில் புதியவர்களின் செல்லப் பிள்ளை. பிற்பாடு மாண்ட்ரிவா என்று பெயர் மாறி, பணமுடையில் தள்ளாடி, 2015-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்பே அதன் ஊழியர்களும் பயனர்களும் சேர்ந்து நிரல்களை எடுத்துக்கொண்டு மஜேயா என்று தனியே தொடங்கிவிட்டிருந்தார்கள். 2011-இல் க்னோம் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, பழையதே வேண்டும் என்று அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஓர் ஆர்ச் பயனர் க்னோம் 2-இன் நிரலை எடுத்து மேட் என்று வளர்க்கத் தொடங்கினார். மின்ட் குழு சின்னமன் என்று வேறொன்றை எழுதியது. உபுண்டு தன் நிரல்களில் சிலவற்றை ஸ்னாப் என்ற தன் சொந்தத் தொகுப்பு முறை வழியாக மட்டும் தரத் தொடங்கியதும், 2020-இல் மின்ட் ‘பயனர் கேட்காமல் ஸ்னாப் வராது’ என்று தடுத்து வைத்தது. உபுண்டுவே ஒருநாள் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக டெபியனை நேரடி அடித்தளமாகக் கொண்ட ஒரு பதிப்பையும் மின்ட் குழு தயாராக வைத்திருக்கிறது. 1992-இல் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தாரே, அதுபோன்ற உரிமங்களின் பலன் இது. உடன்பாடு இல்லாதவர் நிரலை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் குடியேறலாம். பின்தொடர்வதற்கும் யாருக்கும் தடையில்லை. தலைவர்கள் தவறலாம், நிறுவனங்கள் சாகலாம். நம் கோப்புகளும் பழக்கமும் அவற்றோடு சேர்ந்து சாக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொலைவில் இருப்பவர்களின் தீர்மானம் எத்தனை நல்லதாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு மனிதர் இல்லை என்றால் டிஸ்ட்ரோ ஒட்டாது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனின் மேல் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழ் இடைமுகம் கொண்டது. அந்தக் கணினியில் படித்து வளர்ந்த சிலருடன் பிற்பாடு பேசியிருக்கிறேன். திறந்து பார்த்ததே இல்லை என்றார்கள் பலர். கூடப் படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் தங்களுக்கும் தோன்றவில்லையாம். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூல்களையே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதியது. இன்று அங்கே அரசுப் பள்ளிகளில் உபுண்டுவின் மேல் கட்டிய சொந்த டிஸ்ட்ரோ ஓடுகிறது. வகுப்பில் மாட்டிக்கொண்டால் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார், பார்க்க ஒரு பக்கம் இருந்தது. ஆகவே, உங்கள் அக்கா மகனோ அலுவலக நண்பரோ எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் போடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். எந்த ஒப்பீட்டு அட்டவணையையும்விட அவருடைய தொலைபேசி எண் மதிப்பு வாய்ந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய டெஸ்க்டாப்பும் விண்டோஸ் 11-இன் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதுதான். என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். “தம்பி, தமிழ்ல அடிக்கணும். அடிச்சதை பிரிண்ட் எடுக்கணும். பேத்திகூட வீடியோவுல பேசணும். இன்னைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்கணும், அதான் முக்கியம்” என்றார். கடைசியாகச் சொன்னதிலேயே தேர்வு முடிந்துவிட்டது. மின்ட் 22-ஐ முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். வட்டில் எதையும் தொடாமல் இப்படிப் பார்க்க முடிவது பெரிய வரம். ஒலி, வைஃபை, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துக்கொண்டோம். ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தேன். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட்டை முடுக்கிவைத்தேன். 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று அவர் கைக்குப் பழகிய அமைப்பு. ஒரு வாரம் கழித்துப் போனபோது கணினியைப் பற்றிப் பேச அவரிடம் ஒன்றுமில்லை. பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

என் மேசையில் டெபியன் டெஸ்டிங் ஓடுகிறது. சில காலை வேளைகளில் அப்டேட் செய்த பிறகு ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும். உட்கார்ந்து சரிசெய்வேன், எனக்கு அது பிடிக்கும். ஆசிரியையின் கணினி அமைதியானது, என்னுடையது சற்றுக் கலவரமானது, அவரவர் சுபாவம் என்று இந்தக் கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் 2024 மார்ச்சில் நடந்த ஒன்று அப்படி முடிக்க விடவில்லை.

எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. அதன் பெயரைப் பயனர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்ற ஒரே மனிதர் ஊதியம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதைப் பராமரித்துவந்தார். களைத்திருந்த அவருக்கு உதவுவதுபோல ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பையும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக, சாவி வைத்திருக்கும் ஒருவர் உலகின் கோடிக்கணக்கான சர்வர்களுக்குள் சத்தமில்லாமல் நுழைய அந்தக் கதவு போதுமானதாக இருந்திருக்கும். அது டெபியன் அன்ஸ்டேபிளுக்குள் போய்விட்டது. டெஸ்டிங்குக்கும் போய்விட்டது. ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளும் ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்குள்ளும் போய்விட்டது. உபுண்டு அப்போது 24.04-ஐத் தயாரித்துக்கொண்டிருந்தது, அதன் முன்வைப்புக் களஞ்சியம் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த நாட்களில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் டெபியன் அன்ஸ்டேபிள் ஓடும் கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையும்போது வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். செயலி தேவையில்லாமல் உழைப்பதையும் கவனித்தார். வேறொருவராக இருந்தால் அன்ஸ்டேபிள்தானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போய் எக்ஸ்இஸட்டில் கொண்டு நிறுத்தி, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். சில மணி நேரத்தில் அந்தப் பதிப்புகளை ஏற்றிருந்த டிஸ்ட்ரோக்கள் அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கின. உபுண்டு, அந்தக் கள்ள நிரல் நுழைந்த நாளிலிருந்து 24.04-க்காகக் கட்டிய தொகுப்புகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டியது. பீட்டா வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. டெபியன் ஸ்டேபிளில் இருந்ததோ பழைய 5.4 வரிசை, அதைக் கள்ளக் கதவு தொடவே இல்லை.

இதை வைத்துப் பலர், பார்த்தீர்களா, ஸ்டேபிள்தான் பாதுகாப்பு என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஸ்டேபிளில் இருந்தவர்கள் தப்பியது உண்மை. ஆனால் எல்லோரும் ஸ்டேபிளிலேயே இருந்திருந்தால் அந்த அரை வினாடியை யார் உணர்ந்திருப்பார்கள்? டெபியனின் அடுத்த வெளியீட்டு நாளன்று அதே கதவு ‘நிலையானது’ என்ற முத்திரையோடு எல்லோர் வீட்டுக்கும் போயிருக்கும். மின்ட் 22 உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது. ஆசிரியை இன்று நிம்மதியாகப் பேத்தியோடு பேசிக்கொண்டிருக்கும் கணினிக்குள் அது வரவில்லை என்றால், அன்ஸ்டேபிளில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிறு எரிச்சலைச் சகித்துக்கொண்டு போகாமல் ஏன் என்று கேட்டதால்தான். அவருக்கு இந்த ஆசிரியையைத் தெரியாது. இவருக்கும் அவர் பெயர் தெரியாது.

நிலையான கணினி என்று தனியே ஒன்று கிடையாது என்று அன்று எனக்கு உறைத்தது. நிலையற்றதன் மேல் வேறொருவர் உட்கார்ந்து வேலை செய்ததால் நமக்குக் கிடைக்கும் அமைதி அது. ஆர்ச் பயனர் ஒருவர் அனுப்பும் பிழை அறிக்கையும், டம்பிள்வீடின் தானியங்கிச் சோதனையில் சிக்கும் ஒரு கோளாறும், ஃபெடோராவில் வேலண்டோடு மல்லுக்கட்டியவரின் மாலைப்பொழுதும் மெல்ல நடந்து நடந்து ஈராண்டு கழித்து யாரோ ஒருவரின் சலனமற்ற திரையாக வந்து சேர்கின்றன. டிஸ்ட்ரோக்கள் ஒன்றையொன்று வெல்லப் போட்டியிடுவதாக நினைத்திருந்த காலம் எனக்கும் உண்டு. இப்போது எல்லாம் ஒரே சாலையின் வெவ்வேறு மைல்கற்களாகத் தெரிகின்றன. மென்பொருள் அந்தச் சாலையில் நடந்து வருகிறது. அதை எந்த இடத்தில் எதிர்கொள்கிறேன் என்பதே என் தேர்வு. புதுமையின் ஆபத்தில் என் பங்கு எவ்வளவு, பிறர் எனக்காகச் சுமப்பது எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். ஒருவருக்கு நேரமில்லை, உடல்நிலை இல்லை, விருப்பமில்லை. அவர் சாலையின் கடைசியில் நின்று வாங்கிக்கொள்ளட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. முடிந்தவர்கள் சில மைல் முன்னே போய் நிற்க வேண்டும். எங்கே நின்றாலும், கைக்கு வந்தது எத்தனை கை தாண்டி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தால் ஏதாவது திருப்பிச் செய்யத் தோன்றும். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. டெபியனில் பிழையைச் சொல்லக் கணக்குத் தொடங்க வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வரி தெளிவாக எழுதினால் எங்கோ ஒருவருக்கு அது ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். மின்ட் ஒவ்வொரு மாதமும் தனக்கு நன்கொடை தந்தவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொல்கிறது. பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் அந்தச் சிறு குழு நடக்கிறது.

ஆசிரியை போன மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணினி கெட்டுவிட்டதோ என்று போனால், அவர் மெனுக்களைத் தமிழுக்கு மாற்றிவைத்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தார். “யாரு தம்பி இந்தத் தமிழை எழுதினது? வல்லினம் மிக வேண்டிய இடத்துல மிகல, மிகக்கூடாத இடத்துல மிகுது. பாதி இங்கிலீஷாவே கெடக்கு.” சம்பளம் வாங்காமல் யாரோ சிலர் ஓய்வு நேரத்தில் எழுதியது என்றேன். மின்ட்டின் மொழிபெயர்ப்புகள் லாஞ்ச்பேடு என்ற தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம், மொழிக்குழு பார்த்து ஏற்கும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நானுமா செய்யலாம்?” என்று கேட்டார். செய்யலாம் டீச்சர் என்று ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். பள்ளியில் விடைத்தாள் திருத்திய அதே சிவப்பு மைப் பேனாவால் முதலில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தமிழ்99-இல் அடித்து ஏற்றுகிறார். கோப்பு மேலாண்மை நிரலின் மெனுக்களை முடித்துவிட்டார். இப்போது பிரிண்டர் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறார்.